வட்டத்துக்குள் சொன்னது

பாட்டில் தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவள் வேலை பார்க்கும் ஸ்டோர்ஸில் அட்டைப்பெட்டி கேட்டு வருகிறவர்கள்கூட, "விசிலக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். இத்தனைக்கும் அவள் விசிலைக் கையால் தொட்டதே இல்லை. தொழிற்சாலைப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பத்து வருஷமாகப் பயிற்சி கொடுக்கிறாள். வாயைத் திறந்தால் கொதிகலன் இரைச்சலையும் தாண்டிக் குரல் கேட்கும். விசில் எதற்கு?

அவள் சொல்லிக்கொடுக்கும் விதமே தனி. புதிதாகச் சேருகிறவளுக்கு முதல் பத்து நாள் பந்து கிடையாது. ஓடு, நில், திரும்பு, குதித்து இரண்டு காலில் இறங்கு. அவ்வளவுதான். "பந்து ஆட வந்தேனா, பரேடு பழக வந்தேனா?" என்று முணுமுணுக்காதவள் இல்லை. பதினோராம் நாள் பந்து கைக்கு வந்ததும் வாயடைத்துப் போவார்கள். கால் தானாகவே சொன்ன இடத்துக்குப் போகும். ஒரு நாளைக்கு ஒருத்தியிடம் ஒரே ஒரு தப்பைத்தான் திருத்துவாள். மற்ற ஒன்பதைக் கண்ணால் பார்த்தாலும் விழுங்கிக்கொள்வாள். கூடையில் பந்து விழுந்ததற்கு அவள் கை தட்டி யாரும் பார்த்ததில்லை. கால் சரியாக வந்தால் தட்டுவாள், பந்து வெளியே போனாலும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் அந்த வட்டம். பயிற்சி முடிந்ததும் கோர்ட்டின் நடுவட்டத்தில் எல்லோரும் சப்பணமிட்டு உட்கார வேண்டும். இன்றைக்கு எதற்குப் பயந்தேன் என்று ஒவ்வொருத்தியும் ஒன்று சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் சிரிக்கக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. சொன்னது அந்த வெள்ளைக் கோட்டைத் தாண்டக் கூடாது.

"கை பழகிடும், கால் பழகிடும். மனசு மட்டும் பூட்டியே கிடந்தா ஆட்டத்தோட கடைசி ரெண்டு நிமிஷத்துல கழுத்தை அறுத்துடும்" என்பாள்.

அணியில் எல்லோரையும்விட உயரமான பெண்ணுக்குக் கொக்கு என்று பெயர். பாட்டில் கழுவும் பிரிவில் வேலை. அவள் ஒரு நாள் வட்டத்தில் சொன்னாள்: "யாராவது சத்தமா எண்ணினா எனக்குக் கை நடுங்கும்கா. ஸ்கூல்ல டீச்சர் எண்ணி எண்ணி அடிப்பாங்க." பந்தைத் தட்டிக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற குட்டையான பெண் குண்டூசி. அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "சின்ன வயசுல எனக்குத் திக்கும்கா. இப்போ இல்ல. ஆனா அது திரும்பி வந்துடுமோன்னு..." முடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த விசிலக்காவின் தங்கைதான் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

தங்கை அணியின் துணைப் பயிற்சியாளர். ஒரு காலத்தில் பெரிய ஆட்டக்காரி. முட்டி உடைந்து ஒதுங்கியவள். ஆறு வருஷம் அக்காவின் நிழலாக நின்றாள். தண்ணீர் பாட்டில் தூக்கினாள், காலுக்குக் கட்டுப் போட்டாள், வட்டத்தில் உட்கார்ந்து எல்லோருடைய பயத்தையும் கேட்டாள். கோப்பைப் போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வந்து நின்றாள்.

"அக்கா, முட்டி முடியலக்கா. டாக்டர் நிக்கவே கூடாதுன்னுட்டார்."

"போய்ப் படுடி. உடம்பை விடவா கோப்பை பெருசு?"

அதோடு விட்டாளா? வாரத்துக்கு இரண்டு நாள் வேலை முடிந்து, பயிற்சி முடிந்து, இரண்டு பஸ் மாறி, பிளாஸ்கில் சூப் கொண்டுபோய்த் தங்கை வீட்டு வாசலில் நின்றாள். பாதி நாள் கதவு பூட்டியிருக்கும். முட்டிக்குப் பயிற்சி எடுக்கப் போயிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள். பிளாஸ்கைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு வருவாள்.

"உன் தங்கச்சிக்கு முட்டி சரியாகுதோ இல்லையோ, உனக்கு இடுப்பு போயிடும்" என்று பஸ் ஓட்டுகிற கணவன் கிண்டல் செய்வான்.

"கூடப் பிறந்தவளுக்குச் செய்யறதுக்குக் கணக்குப் பார்ப்பாங்களா?" என்று அவன் வாயை அடைத்துவிடுவாள்.

அரையிறுதி அன்று சோப்புக் கம்பெனி அணியோடு மோதல். அவர்களுக்குப் புதுப் பயிற்சியாளர் என்று காற்றுவாக்கில் செய்தி வந்திருந்தது. யார் என்று தெரியாது. விசிலக்கா தன் பெண்களின் ஷூ கயிறுகளைச் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தபோது எதிர் வரிசையில் பச்சைச் சட்டை போட்டு, இரண்டு காலிலும் திடமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள் அவள் தங்கை.

 இந்தக் காலுக்குத்தானா இத்தனை நாள் சூப் சுமந்தாள்? "வேற நல்ல வேலை கிடைச்சிருக்கு, போறேன்க்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வாயார வாழ்த்தி அனுப்பியிருப்பாளே! இருந்தும் பல்லைக் கடித்துக்கொண்டாள். வேலை மாறுவது குற்றமா? மாறட்டும் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

முதல் பாதியில் விசிலக்காவின் அணிக்கு ஆறு புள்ளி முன்னிலை. இரண்டாம் பாதியில் கொக்கு, யாரும் மறிக்காமல் எறிகிற ப்ரீ த்ரோ போடக் கோட்டில் வந்து நின்றாள். பந்தை இரண்டு முறை தரையில் தட்டினாள். அப்போது கேலரியில் பச்சைக் கொடி பிடித்த கூட்டம் எழுந்தது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

கொக்கின் முழங்கை ஆடியது. பந்து வளையத்தைக்கூடத் தொடவில்லை. அடுத்ததும் அப்படியே.

எதிர் அணியைக் கிண்டல் செய்து கத்துவது எங்கும் உள்ளதுதான் என்று விசிலக்கா நினைத்துக்கொண்டிருந்தபோதே, குண்டூசி பந்தோடு வந்து கையை உயர்த்தி, "ரெண்டு! ரெண்டு!" என்று அடுத்து ஆட வேண்டிய முறையின் எண்ணைச் சொன்னாள். அவளை மறித்து நின்ற பச்சைச் சட்டைக்காரி முகத்துக்கு முகம் குனிந்து சிரித்தாள். "ரெ... ரெ... ரெ... ரெண்டா?"

குண்டூசியின் வாய் திறந்தபடியே நின்றது. சத்தம் வரவில்லை. பந்து கையிலிருந்து பறிபோனது.

அந்த நொடியில் விசிலக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. டைம் அவுட் கேட்டாள். பெண்கள் வந்து சுற்றி நின்றார்கள். ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கால்ல கவனம் வைங்க. அவங்க வாயைக் கேக்காதீங்க" என்றாள். அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை.

பதினோரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள்.

கைகொடுக்கும் வரிசை முடிந்ததும் வராந்தாவில் தங்கையை மறித்தாள்.

"ஏண்டி? உனக்கு நான் என்னடி குறை வெச்சேன்?"

"நீ சொல்லிக் கொடுத்ததுதானேக்கா? எதிராளி எதுக்குப் பயப்படறான்னு பாரு, அங்க அடின்னு."

"ஆட்டத்தைப் பார்த்துக் கண்டுபிடின்னு சொன்னேன். நம்பி அழுதவளோட கண்ணீரை எடுத்து விலைக்கு வைன்னா சொன்னேன்?"

தங்கை உதட்டைக் கடித்தாள். "மூணு தடவை கேட்டேன். ஒரே ஒரு மேட்ச் நான் நடத்தறேன்னு. ஒவ்வொரு தடவையும் உன் முட்டி தாங்காதுன்னே. முட்டியா அது? என்கிட்ட அணியைக் குடுக்க உனக்கு பயம்! ஆறு வருஷம் எல்லார் பயத்தையும் கேட்டியே, உன் பயத்தை ஒரு நாளாவது வட்டத்துல சொன்னியாக்கா?"

விசிலக்கா ஒரு நாளும் சொன்னதில்லை. பயிற்சியாளர் பயந்தால் பெண்கள் கலங்குவார்கள் என்று தனக்குத் தானே விலக்கு கொடுத்துக்கொண்டவள் அவள்.

"அதுக்கு என்னை அடிச்சிருக்கலாமேடி. அந்தப் பிள்ளைங்களை ஏன் அடிச்சே?" என்றாள்.  பச்சைச் சட்டைகளின் ஆரவாரம் கூப்பிட, தங்கை போய்விட்டாள்.

உடை மாற்றும் அறையில் எல்லோரும் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பேக்கிங் பிரிவில் வேலை செய்கிற கேப்டன்தான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"அது எப்படிக்கா வெளிய போச்சு?"

"என் தங்கச்சிதான். நான் சத்தியமா..."

"உங்களைச் சந்தேகப்படலக்கா. ஆனா அவங்க உங்க தங்கச்சி. உங்களை நம்பித்தானே அவங்க முன்னாடி சொன்னோம்?"

கேப்டன் தன் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"இனிமே வட்டம் வேணாம்கா. ஆட்டம் சொல்லிக் குடுங்க. அது போதும்."

குண்டூசி பையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வெளியேறினாள்.

திங்கட்கிழமை மாலை எல்லோரும் பயிற்சிக்கு வந்தார்கள். ஒருத்தியும் குறையவில்லை, அதுவே பெரிது என்று அவள் நினைத்துக்கொண்டாள். கொக்கைக் கோட்டில் நிறுத்தினாள். மற்றவர்களைச் சுற்றி நிற்க வைத்து, அவள் காதோரம் சத்தமாக எண்ணச் சொன்னாள். தானும் எண்ணினாள், தொண்டை கிழிய.

"கையை மறந்துடு. உன் கால் எங்க இருக்கு?"

"கோட்டுலக்கா."

"முட்டி?"

"மடங்கியிருக்கு."

"அப்ப எண்ணட்டும். எண்ணிக்கிட்டே கிடக்கட்டும்."

நாற்பது எறிந்தாள். முதல் இருபதில் மூன்று விழுந்தது. அடுத்த இருபதில் ஒன்பது. மூன்று வாரத்தில் கொக்கு எண்ணச் சொல்லிக் கேட்டு வாங்குகிற நிலைக்கு வந்தாள். குண்டூசி குரலை விட்டுவிட்டு விரல் சைகையால் ஆட்டத்தை நடத்தப் பழகினாள். அணி முன்பைவிட நன்றாகவே ஆடியது. பார்க்க வந்த மேனேஜர், "விசிலக்கா, புது டீம் மாதிரி இருக்கே!" என்று பாராட்டினார்.

அன்றைக்குப் பயிற்சி முடிந்து பெண்கள் நடுவட்டத்தின் மேலேயே நடந்து கலகலவென்று கேட்டை நோக்கிப் போனார்கள். கேப்டன் மட்டும் வலது காலை மெல்ல ஊன்றினாள். கடைசிப் பத்து குதிப்பில் அவள் ஒற்றைக் காலில் இறங்கியதை விசிலக்கா கவனித்திருந்தாள்.

"கணுக்கால் வலிக்குதாம்மா?"

கேப்டன் நின்றாள். ஒரு நிமிஷம் ஏதோ சொல்ல வருவது போலிருந்தது. பிறகு சிரித்தாள். அந்நியருக்குச் சிரிக்கிற சிரிப்பு.

"ஒண்ணும் இல்லக்கா. நல்லாத்தான் இருக்கு."

"நாளைக்குக் குதிக்காதே. ஓரமா நின்னு பாஸ் மட்டும் குடு" என்றாள் விசிலக்கா. காரணம் கேட்கவில்லை. கேட்கிற உரிமை தன்னிடம் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

கேப்டன் சரியென்று தலையாட்டிவிட்டு, நொண்டாமல் நடக்கப் பாடுபட்டுக்கொண்டே கேட்டைத் தாண்டினாள்.