வாயில் குண்டூசி

சமையலறையில் 'டமார்' என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து ஏதோ ஒரு மூடி தரையில் சுழன்று சுழன்று மெல்ல அடங்கியது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஒன்றும் கேட்காததுதான் தையல்காரரை மிஷினிலிருந்து எழுப்பியது. விழுந்த குழந்தை வீறிட்டு அழுதால் பயமில்லை. கை கால் ஆடுகிறது என்று அர்த்தம். அழாத குழந்தைதான் அப்பன் உயிரை எடுக்கும். உதடுகளுக்கு நடுவே வரிசையாகக் கவ்வியிருந்த குண்டூசிகளை உருவி, மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சுப் பொதியில் குத்திக்கொண்டே ஓடினார். ஓடிய வேகத்தில் ஒன்றிரண்டு பஞ்சுக்குப் பதிலாக அவர் கையிலேயே இறங்கின.

சமையலறைத் தரை முழுக்கப் பாத்திர மூடிகள். நடுவில், தலையில் சல்லடையைக் கிரீடம் போலக் கவிழ்த்துக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வயது தாண்டியவள். உடம்பு பொடிசு, கடி பலம், நுழையாத இடுக்கு கிடையாது என்பதால் வீட்டில் அவளுக்குக் கட்டெறும்பு என்று பெயர்.

அப்பாவை நிமிர்ந்து பார்த்து, "ம்ம்?" என்றாள். உனக்கு இங்கே என்ன வேலை என்று அதற்குப் பொருள்.

அவர் சல்லடையைக் காட்டி, "ம்ஹூம்!" என்றார்.

"ம்ம்ம்-ம்," என்றாள் அவள். கழற்ற முடியாதாம்.

பார்ப்பதற்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வீட்டின் அத்தனை துயரமும் அந்த 'ம்'முக்குள்தான் அடைந்து கிடந்தது. கட்டெறும்புக்கு இன்னும் பேச்சு வரவில்லை. அம்மா இல்லை, அப்பா இல்லை, ஒரு 'தா' கூட இல்லை. டாக்டர் காதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, "காது பாம்புக் காது. பொறுத்துப் பாருங்க," என்றார். பொறுத்தார்கள். தண்ணீர்க் குழாய்க்குக்கூட ஒருநாள் குரல் வந்து 'கொர்' என்றது; பிள்ளைக்கு வரவில்லை.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலையில் போனால் இருட்டும்போதுதான் திரும்புவாள். முன்னறையில் மிஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டே பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. அந்தப் பொறுப்பு வந்த நாளிலிருந்து வீட்டுச் சாமான்கள் எல்லாம் மேலே குடியேறிவிட்டன. கத்தரிக்கோல் உத்தரத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. அதை எடுக்க அவரே முக்காலி போட்டு ஏற வேண்டும். குண்டூசி டப்பா அலமாரியின் உச்சியில். சாயங்காலம் வேலை முடிந்ததும் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி, நாய்க்குட்டியை நடத்திப் போவது போலத் தரை முழுக்க இழுத்துக்கொண்டு நடப்பார். விழுந்த ஊசி ஒன்றுகூடத் தப்பாது. கக்கூசுக்குப் போனாலும் கதவு திறந்தே இருக்கும். ஒருமுறை பாங்க் மானேஜர் ஒருவரின் கால்சட்டையைத் தைத்துக் கொடுத்தார். மறுநாள் மானேஜர் வந்து, பாக்கெட்டிலிருந்து பாதி கடித்த பிஸ்கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். "கால்சட்டை சரியா இருக்கு. இது யாரோட அளவு?" என்று கேட்டார்.

இவ்வளவு கண்ணும் கருத்துமாக இருந்தும் என்ன பயன்? இன்று காலை செருப்பை மாட்டிக்கொண்டே மனைவி சொன்னாள்.

"அக்கா இன்னிக்கு வர்றா. பேச்சு வர்ற வரைக்கும் பாப்பாவைத் தன் வீட்டுல வெச்சுக்கறேங்கறா. எனக்கு ஒண்ணும் புரியலைங்க. நாள் முழுக்க நீங்கதானே கூட இருக்கீங்க, நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். பெற்ற மனம் பித்து என்பார்கள். பெற்றவளுக்கு ஆஸ்பத்திரி வேலை இருந்தது, பித்தை ஓரமாக வைக்க முடிந்தது. இவருக்கு வேலையும் வீட்டில்தான், பித்தும் வீட்டில்தான். அனுப்பினால் பிள்ளைக்கு நல்லதோ? அனுப்பாவிட்டால், என் சுயநலத்தால் ஊமையாக்கிவிட்டேன் என்று ஊர் சொல்லுமோ? காலையிலிருந்து அவர் தைத்த தையலெல்லாம் பாம்பு போல வளைந்து வளைந்து போயிற்று.

அழைப்பு மணி அடித்தது.

மனைவியின் அக்கா உள்ளே வருவதற்கு முன் அவள் பேச்சு உள்ளே வந்துவிடும். "என்ன மாப்பிள்ளை, படி ஏறி மூச்சு வாங்குது, ஒரு லிப்ட் வெச்ச வீடாப் பார்க்கக் கூடாதா? எங்க என் கட்டெறும்பு? ஐயோ, தலையில என்னடி இது சல்லடை? யாரைச் சலிக்கப் போறே, உங்கப்பனையா? அவர்கிட்ட சலிச்சா ஒண்ணும் தேறாதுடி!"

"வாங்க அண்ணி," என்றார் அவர். அவ்வளவுதான் இடம் கிடைத்தது.

பெரியம்மா கட்டெறும்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "எங்கே, பெரியம்மான்னு சொல்லு."

"ம்ஹூம்."

"அம்மான்னு சொல்லு."

"ம்ம்-ம்ம்."

"இது என்ன மாப்பிள்ளை?"

"அம்மா வேலைக்குப் போயிருக்கான்னு சொல்றா அண்ணி. குரல் இறங்குச்சுன்னா 'சரி', ஏறுச்சுன்னா 'என்ன', இழுத்தா பசி, ரெண்டா வெட்டினா..."

"அடப் பாவி மனுஷா! பேசாத புள்ளைக்கு நீங்க அகராதியே போட்டு வெச்சிருக்கீங்களே! எல்லாம் உங்களுக்குப் புரிஞ்சிட்டா அவ எதுக்கு வாயைத் திறப்பா?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என் வீட்டுக்கு வரட்டும். மூணு வாயாடிங்க இருக்கு. உங்க சகலை தூக்கத்துலயும் பேசுற ஆளு. எங்க வீட்டுச் சுவருக்கே பேச்சு வந்துடும், இவளுக்கு வராதா? துணிமணியை எடுத்து வைங்க." ஒரு மூச்சு விட்டாள். "அப்படியே இந்த ரவிக்கைக் கையைக் கொஞ்சம் பிடிச்சுக் கொடுங்க. ரொம்பத் தொளதொளன்னு இருக்கு."

பிள்ளையைப் பறித்துக்கொண்டு போக வந்தவளுக்கு ரவிக்கைக் கையையும் பிடித்துக் கொடுக்க வேண்டும்! உறவு என்றால் இதுதான். அவர் ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் அண்ணியை நிறுத்தினார். டப்பாவை இறக்கி, ஒரு பிடி குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டார். அவள் பின்பக்கமாக நின்று, தோளில் துணியை மடித்துக் குத்தத் தொடங்கினார்.

அண்ணியால் கையை ஆட்டாமல் பேச முடியாது. "அங்கே பார்க் பக்கத்துலயே இருக்கு மாப்பிள்ளை" என்று ஒரு வீச்சு. "என் சின்னவ ஒரு வயசுலயே கதை சொன்னா" என்று இன்னொரு வீச்சு. ஒவ்வொரு வீச்சுக்கும் அவர் பின்வாங்கி, மறுபடி முன்வந்து குத்தினார்.

"அப்போ கூட்டிட்டுப் போகட்டுமா?"

"ம்ம்..." என்றார் அவர். தனக்கே தெரியாத பதில் அது.

"மாசக்கணக்கா ஆகலாம். பரவாயில்லையா?"

"ம்ஹூம்."

"ம்ஹூம்," என்றது முழங்கால் உயரத்திலிருந்து இன்னொரு குரல். அதே ஏற்றம், அதே இழுப்பு, அதே மூக்கடைப்பு.

அண்ணி பேச்சை நிறுத்தினாள். கண்ணாடிக்குள் பார்த்தாள். அங்கே மாப்பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டு, ஊசிகள் பளபளக்க நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில் கட்டெறும்பும் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தாள். அவள் உதட்டிலும் ஏதோ பளபளத்தது.

"ஐயய்யோ! புள்ள வாயில ஊசி!"

கட்டெறும்பு திடுக்கிட்டாள். அவள் மார்பு ஒருதரம் ஏறி இறங்கியது. அண்ணி பாய்ந்து பிடிக்கப் போனாள். தையல்காரர் அவள் தோளை அழுத்தி அப்படியே நிறுத்தினார்.

அந்த நொடியை எந்தத் தகப்பனுக்கும் கடவுள் காட்டக் கூடாது. பிடுங்கினால் பயந்து உள்ளே இழுப்பாள். அதட்டினால் அழுவாள், அழுவதற்கு முன்னால் பிள்ளைகள் மூச்சை உள்ளே வாங்கும். ஒரு மூச்சு போதும். கெஞ்சலாமென்றால், கெஞ்சினால் வாயைத் திறக்கும் பிள்ளையும் அல்ல அவள்.

அப்படியே மெல்ல மண்டியிட்டார். மகளின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்தார். தன் உதட்டிலிருந்து ஒரே ஒரு ஊசியை, கொண்டையைப் பிடித்து, மிக மெதுவாக உருவினார். மணிக்கட்டுப் பஞ்சில் குத்தினார். கையை அவள் பக்கம் நீட்டினார்.

"ம்ம்?" என்றார்.

கட்டெறும்பு பஞ்சைப் பார்த்தாள். அப்பாவின் வாயைப் பார்த்தாள். யோசித்தாள். ஐயோ, எவ்வளவு நேரம்தான் யோசிப்பாள்! பின்பக்கம் அண்ணி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதல்முறையாகச் சத்தமில்லாமல் நின்றாள்.

சின்னக் கை மேலே வந்தது. கொண்டையைப் பிடித்தது. அப்பா செய்தது போலவே நிதானமாக உருவியது. பஞ்சில் குத்தத் தெரியாமல் அவர் உள்ளங்கையில் குத்தியது. அவர் இமைக்கவில்லை.

மறுபடி அவர் ஒன்று எடுத்தார். அவளும் ஒன்று எடுத்தாள். பிறகு அவர் தன் வாயில் மிச்சம் இருந்தவற்றை எல்லாம் எடுத்துவிட்டு, 'ஆ' என்று வாயைத் திறந்து காட்டினார். அவளும் 'ஆ' என்று திறந்தாள். நாக்கு, அரிசிப் பற்கள், எச்சில். வேறு ஒன்றும் இல்லை.

அவர் அவளை அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு விம்மினார். அந்த அணைப்பின் இறுக்கம் பிடிக்காமல் கட்டெறும்பு அவர் காதைக் கடித்தாள்.

அண்ணி முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "நான் கையை ஆட்டினப்போ விழுந்த ஊசி மாப்பிள்ளை. என் காலுக்குக் கீழதான் கிடந்திருக்கும். பாவி நான்." அழுதாள். அழுகையோடு அழுகையாக நிமிர்ந்தாள். "இருங்க. நாள் முழுக்க இப்படித்தான் பேசுவீங்களா? வாயில ஊசியை வெச்சுக்கிட்டு?"

"வேலை நேரத்துல வேற வழி இல்லை அண்ணி. கை ரெண்டும் துணியில இருக்குமே."

"அவகிட்டயும்?"

அவர் மகளின் மூடிய வாயைப் பார்த்தார். பிள்ளை பேசாமல் இருக்கவில்லை. நாள் முழுக்க அவள் கேட்ட ஒரே பாஷையை, பிசகில்லாமல் அப்படியே பேசிக்கொண்டிருந்தாள். ஊமையல்ல! அந்த நிம்மதி வந்த வேகத்திலேயே ஒரு கேள்வியும் வந்தது. என் பிள்ளையின் வாயைக் கட்டிப்போட்டவன் நானா?

எழுந்து உள்ளே போனார். சின்னச் சட்டைகளைப் பையில் அடுக்கினார். எல்லாம் அவர் கையால் தைத்தவை. ஒரு சட்டையை மட்டும் எடுத்து முகத்தில் ஒற்றிக்கொண்டு, அதையும் வைத்தார். வெளியே வந்து பையை நீட்டினார்.

"கூட்டிட்டுப் போங்க அண்ணி. என்கிட்ட இருந்தா அவளுக்குப் பேச்சும் வராது, உயிரும் மிஞ்சாது. கழுதை தேஞ்சு கட்டெறும்பாச்சும்பாங்க. இங்க கழுதை நான்தான். என் புத்தி தேஞ்சுதான் இவ இப்படி நிக்கறா."

அண்ணி பையை வாங்கவில்லை.

"நான் பார்த்ததும் என்ன செஞ்சேன் மாப்பிள்ளை? கத்தினேன். என் வீடா இருந்தா மூணும் சேர்ந்து கத்தும், உங்க சகலை எல்லாரையும்விடப் பெருசாக் கத்துவாரு. நாங்க கத்தியே புள்ளையைக் கொன்னிருப்போம்." மூக்கை உறிஞ்சினாள். "யார் நீட்டினா அவ அதைக் கொடுத்திருப்பா, சொல்லுங்க? அம்மா வந்தாக்கூடக் கொடுத்திருக்க மாட்டா. இவ இங்கேயே இருக்கட்டும். பேச்சுதானே, உங்ககிட்டயே கத்துக்கட்டும். ஆனா உங்க வாயில இனிமே ஊசி இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னு தெரிஞ்சுது, புள்ளையை விட்டுட்டு உங்களைத் தூக்கிட்டுப் போயிடுவேன்."

அவர் பையைக் கீழே வைத்தார். "அண்ணி... நான் அவகிட்ட என்ன பேசறது?" என்றார். குழந்தை போலக் கேட்டார். "எனக்குப் பேசிப் பழக்கமே இல்லையே."

"கண்ணுல பட்டதைச் சொல்லுங்க. நான் என்ன, யோசிச்சா பேசறேன்?"

ரவிக்கைக் கை பாதி மடிப்போடு இருந்தது. "அடுத்த தடவை பார்த்துக்கலாம், இன்னிக்கு ஊசியே வேணாம்" என்று சொல்லி, தோளில் குத்தியிருந்த ஊசிகளை அவளே ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள். டப்பாவை அலமாரி உச்சியில் தானே ஏற்றினாள். தரையை ஒருமுறை குனிந்து, இருமுறை குனிந்து பார்த்தாள். கட்டெறும்பின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

அவர் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அண்ணி படி இறங்கத் தொடங்கினாள். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெரியம்மா போறாங்க," என்றார். குரல் கரகரத்தது. "படி இறங்கறாங்க. பாரு, கைப்பிடியைப் பிடிச்சுக்கறாங்க. அவங்க பை... நீலப் பை. வளைவு திரும்பிட்டாங்க."

கட்டெறும்பு படியைப் பார்க்கவில்லை. வியப்போடு அவர் வாயையே பார்த்தாள். ஒரு விரலை அவர் உதட்டுக்குள் விட்டு, உள்ளே யார் பேசுகிறார்கள் என்று தடவிப் பார்த்தாள்.

"டாட்டா சொல்ல வேணாமாடி?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

கட்டெறும்பு ஒன்றும் சொல்லவில்லை. விரலை எடுக்கவும் இல்லை. அந்த விரலோடேயே அவர், "டாட்டா பெரிம்மா, பார்த்துப் போங்க," என்று குழறிச் சொன்னார். செருப்புச் சத்தம் தெருவில் போய்க் கலக்கும்வரை காத்திருந்தார்.

"இப்போ கதவைச் சாத்தப் போறோம்," என்று மகளிடம் சொல்லி, கதவைச் சாத்தினார்.