பதினெட்டு நடக்குது

விவாகப் பதிவாளர் வேலையில் பாதி, கலியாணத்தைப் பதிந்து கொடுப்பது. மற்றப் பாதி, பதிய ஏலாது என்று சொல்லிவிட்டு அதே ஊரில் குடியிருப்பது. அரசாங்க மேசைக்குப் பின்னால் இருந்து "ஏலாது" என்று சொல்லிப் பார்த்தவர்களுக்கு என் பாடு விளங்கும். என் ஒபிஸ், பனிச்சங்கேணிப் பக்கம் வாவியைப் பார்த்திருக்கும் எங்கள் வீட்டின் முன்னறை. ஒரு மேசை, நாலு கதிரை, ஓர் இரும்பு அலுமாரி. வாசலில் ஒரு வேப்பமரம். கோபித்துக்கொண்டு எழும்பிப் போகிறவர்கள் அதன் கீழே கொஞ்சம் நின்று ஆறிவிட்டுத்தான் போவார்கள்.

ஒரு வருடக் கணக்கு

தங்கராசா அண்ணன் வாவியில் வலை போடுகிறவர். மனைவி குவைத்தில் வீட்டு வேலை. வீட்டில் அவரும் ஒரே மகள் டிலோஜினியும். மகள் உயர்தரம் படிக்கிறாள். கட்டாரில் இருந்து மூன்று மாத லீவில் வந்த ஒரு பொடியனைப் பேசி முடித்துவிட்டு, பதிவுக்கு நாள் கேட்டு வந்தார். பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டேன். "பதினெட்டு நடக்குது" என்றார்.

இந்த "நடக்குது" என்ற சொல்லோடு எனக்குப் பத்து வருடப் பகை. நம் ஆட்களின் கணக்கில் பதினேழாவது பிறந்தநாள் கேக் வெட்டிய அடுத்த நாளே பதினெட்டு நடக்கத் தொடங்கிவிடும். சட்டமோ நடப்பதைப் பார்ப்பதில்லை, முடிந்ததைத்தான் பார்க்கும். இதைச் சொன்னேன். தகப்பன் நான் ஒப்பம் வைக்கிறேன்தானே என்றார். தகப்பனின் ஒப்பம் செல்லுபடியான காலமெல்லாம் போய்விட்டது, பதினெட்டு முடியாத பிள்ளைக்கு யார் ஒப்பம் வைத்தாலும் நான் எழுத முடியாது என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

"படிச்ச ஆள் நீங்க. ஒரு வருசத்த இப்பிடி விட்டுப்போட்டு எண்ணுறீங்களே மிஸ்."

மாமியின் பத்திரம்

உள் அறையில் இருந்த என் மாமியார் இதைக் கேட்டுவிட்டார். அவருடைய விவாகப் பத்திரம் எங்கள் அலுமாரியில்தான் இருக்கிறது. மணமகள் வயது பதினைந்து என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறது. அந்தக் காலத்துச் சட்டத்தில் பெண் பிள்ளைக்குப் பன்னிரண்டே போதும். அதே பதிவை இன்றைக்கு நான் செய்தால் எனக்கு மறியல், கம்பி எண்ண வேண்டியதுதான். அப்படியென்றால் அந்தச் சட்டம் பிழையா, இந்தச் சட்டம் பிழையா என்று மாமி கேட்டார். அந்தச் சட்டம் தகப்பனிடம் கேட்டது, இந்தச் சட்டம் பிள்ளையிடம் கேட்கிறது, கேட்டால் யோசித்துப் பதில் சொல்லும் வயது வரட்டும் என்று காத்திருக்கிறது என்றேன். மாமி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி மடித்தார்.

"என்னட்ட ஆரும் கேக்கயில்ல புள்ள. கேட்டிருந்தா, மாமாங்கத் திருவிழா பாத்திட்டு வந்து சொல்லுறன் எண்டிருப்பன்."

நாலு சாமத்திய வீடு

மாதர் சங்கக் கூட்டத்தில் வயதுச் சட்டங்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். பதினைந்தில் அடையாள அட்டை. பதினாறுக்குக் கீழே ஒரு பிள்ளை உடலுறவுக்குச் சம்மதம், ஓம் என்று சொன்னாலும் சட்டம் அதை ஓம் என்று எடுக்காது, கேட்டவன்தான் குற்றவாளி. பதினெட்டில் கலியாணமும் வாக்கும். சாராயக் கடைக்கு இருபத்தொன்று. இவ்வளவையும் கரும்பலகையில் எழுதினேன். ஏன் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு இலக்கம் என்று கேட்டார்கள்.

ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒவ்வொரு பயம் என்றேன். ஒன்று பிள்ளையைப் பெரியவர்களிடம் இருந்து காப்பாற்றப் பார்க்கிறது, இன்னொன்று குடும்பப் பாரம் தாங்குவாளா என்று பார்க்கிறது, வேறொன்று போத்தலுக்குப் பயப்படுகிறது. எழுதியவர்களும் வேறு, எழுதிய காலமும் வேறு. வெளிநாடுகளில் பதினாறு என்று நாம் வைத்திருக்கும் இடத்தில் சிலர் பதினான்கு வைத்திருக்கிறார்கள், சிலர் பதினெட்டு. எந்த நாட்டிலும் பிள்ளைகள் ஒரே நாளில் பெரியவர்கள் ஆவதில்லை, ஆனால் சட்டத்துக்கு ஒரு திகதி வேண்டும். நல்ல விளக்கம் என்று எனக்கே பெருமையாக இருந்தது. பின்வரிசையில் இருந்த சங்கப் பொருளாளர் எழும்பினார்.

"அப்ப பொம்புளப் புள்ள பெரிசானாச் சாமத்திய வீடு ஒரு தரம் வெச்சாக் காணாது மிஸ். நாலு தரம் வைக்கணும்."

காணாமல் போன இரண்டு மாதம்

தங்கராசா அண்ணன் மகளின் சாதகத்தோடு திரும்பி வந்தார். டிலோஜினி பிறந்தது இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலம். ஊர் திரும்பிப் பிறப்பைப் பதியப் போனவர், சித்திரை என்பதற்கு ஆனி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். சாதகப்படி பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. பிறப்புப் பத்திரப்படி இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறது. எனக்குப் பத்திரம்தான் தெரியும், சாதகம் தெரியாது என்றேன். பத்திரத்தைத் திருத்த விண்ணப்பிக்கலாம், ஆனால் அது திருந்தி வர இரண்டு மாதத்துக்கு மேல் எடுக்கும் என்பதையும் சொன்னேன். மனுசன் தலையில் கை வைத்துக்கொண்டார். கெட்ட மனுசன் இல்லை. தாய் இல்லாத வீட்டில் பெண் பிள்ளையை விட்டுவிட்டு விடியமுன் தோணியில் போகிறவருக்கு, நல்ல ஒரு பொடியன் கையில் அவளைக் கொடுத்துவிட்டால் நிம்மதி.

"நான்தானே மிஸ் புள்ளைக்கு அந்த ரெண்டு மாசத்தக் குடுத்த. நானே திருப்பி எடுக்கேலாதா?"

பூட்டு

காத்தான்குடியில் நான் வழக்கமாகச் சேலை எடுக்கும் கடை இஸ்மாயில் நானாவுடையது. அங்கே அண்ணனை நானா என்பார்கள். முஸ்லிம் விவாகத்துக்கு வேறு சட்டம், வேறு பதிவாளர். அதில் பதினெட்டு என்ற எல்லை நான் இதை எழுதும்வரை இல்லை. வைக்கச் சொல்லி அவர்களுடைய பெண்களே வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரே மாவட்டம், ஒரே தமிழ், பஸ்ஸில் போய் இறங்கினால் வேறு கணக்கு. என் தொல்லை உங்களுக்கு இல்லை நானா என்று பகிடியாகச் சொன்னேன். அவர் சேலையை மடிப்பதை நிற்பாட்டினார். மகளுக்குப் பதினேழில் நல்ல இடம் வந்ததாம், தானும் ஓம் என்று சொல்லிவிட்டாராம். இப்போது மகள் கெம்பஸில் மூன்றாம் வருடம்.

"சட்டம் எனக்குக் கதவத் தொறந்துதான் வெச்சிரிக்கி மிஸ். எண்ட மகள்தான் பூட்டுப் போட்டாள்."

வெள்ளைச் சட்டை

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்ட கையோடு, வெள்ளைச் சட்டையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு டிலோஜினி தனியே வந்தாள். தனக்குச் சரியாக எந்தத் திகதியில் பதினெட்டு முடியும் என்று கேட்டாள். தகப்பனுக்கு மேல் மகளுக்கு அவசரம் போலிருக்கிறது என்று நினைத்து, படிப்பு, சோதினை, எதிர்காலம் என்று நன்றாக ஏசினேன். பிள்ளை நான் முடிக்கும்வரை தலையைக் குனிந்துகொண்டு நின்றது.

பிறகுதான் அவள் சொல்லி விளங்கியது. பதினெட்டு முடிந்து ஐந்து வாரத்தில் உயர்தரச் சோதினை. அவளுக்குச் சோதினை எழுத வேண்டும், கெம்பஸ் போக வேண்டும். மாப்பிள்ளையில் குறை இல்லை, அப்பாவோடு எதிர்த்துப் பேசப் பழக்கமும் இல்லை. இரண்டு மாதத்துக்கு மேலாக அப்பாவுக்குப் பதில் சொன்னது அவள் இல்லை, நான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இவ்வளவு நாளும் நீங்க ஏலாது எண்டு சொன்னீங்க. அந்தத் திகதிக்குப் பிறகு எனக்காக ஆர் மிஸ் சொல்லுற?"

வேப்பமரத்துக்கு அனுப்புதல்

பிறந்தநாளுக்கு மறுநாள் காலையே வந்துவிட்டார்கள். தங்கராசா அண்ணன் அயன் பண்ணிய சேட்டில், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் தாய், கடைசியாக டிலோஜினி. வயது சரி, பத்திரம் சரி. விண்ணப்பப் போர்ம் முடிந்துவிட்டது, அடுத்த மாதம் வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. அரசாங்க உத்தியோகத்தருக்கு நாள் கடத்தச் சொல்லியா கொடுக்க வேண்டும்? ஆனால் எத்தனை போர்மைத்தான் ஒளித்து வைப்பது.

என் வழக்கம் ஒன்று உண்டு. எழுதுவதற்கு முன் எல்லோரையும் வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிட்டு, பெண்ணிடமும் மாப்பிள்ளையிடமும் தனித்தனியே சம்மதம் கேட்பேன். டிலோஜினியிடம் கேட்டேன். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, விருப்பமில்லை என்றாள். நான் போய் அப்பாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வாசல் வரை போய் நின்றாள். நான் பேனையை மூடிவைத்துவிட்டு எழும்பினேன்.

"அப்பா, எனக்குப் பதினெட்டு முடிஞ்சுது. சோதினை எழுதிப்போட்டு மறுகா யோசிச்சுச் சொல்லுறன். இப்ப எனக்கு விருப்பமில்ல" என்றாள்.

மாப்பிள்ளை வேப்பமரத்தடியில் இருந்து வாசலுக்கு வந்தான். பிறகு, சோதினையை நல்லா எழுதுங்க என்று அவளிடம் சொல்லிவிட்டு, தாயைக் கூட்டிக்கொண்டு போனான். நல்ல பொடியன்தான். தங்கராசா அண்ணன் என் நாலு கதிரையில் ஒன்றில் வந்து இருந்தார். மகளை ஏசவில்லை. நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். வெளியே டிலோஜினி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவருக்காகக் காத்து நின்றாள். அவளையே பார்த்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"முந்தி நீங்க ஏலாது எண்டீங்க, இப்ப இவ ஏலாது எண்டுறா. தகப்பன்ட சொல்லு எடுபடுறதுக்கு எண்டு ஒரு வயசு சட்டத்தில இல்லையா மிஸ்?"

பதினெட்டு முடியும்வரை ஏலாது என்று நான் சொல்கிறேன், முடிந்த பிறகு பிள்ளைகளே சொல்லிக்கொள்கிறார்கள், இரண்டு தரமும் தகப்பன்மாருக்குத் தேத்தண்ணி ஊற்றுவது மட்டும் நான்தான்.