மெதுவாய்ச் சாத்தும் கதவுகளோடு என் பாடு

கதவு படாரென்று அடித்தால் காற்றைத் திட்டுவார்கள். மெதுவாகச் சாத்தினால் அதற்குக் குழல் வைத்தவனைத் திட்டுவார்கள். பிரிக்பீல்ட்ஸில் ஓர் இரும்புச் சாமான் கடையில் அந்தத் திட்டை வாங்கியவன் நான். பெட்டி மூடியோ கதவோ தடாலென்று விழாமல் மெல்ல நகர, சீமையிலிருந்து வரும் காற்றுக் குழல், எண்ணெய்க் குழல்களைப் பொருத்துவது என் வேலை. திருப்புளியும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்கு இந்த வேதனை புரியும்.

கிராமபோன் மூடி

ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் வீட்டில் பெரிய கிராமபோன் பெட்டி. அதன் மூடிக்குக் காற்றுக் குழல் வைக்கச் சொன்னது அவர் மனைவி. மறுவாரமே கிராணி கூப்பிட்டனுப்பினார். கோபம் வந்தால் அந்த மூடியை அடித்துச் சாத்துவதுதான் அவர் வழக்கமாம். இப்போது என்ன அழுத்தினாலும் அது பல்லக்கு மாதிரி இறங்குகிறது, கோபப்பட்ட மாதிரியே இல்லை, கழற்று என்றார். அந்த அம்மாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"கழட்டாதீங்க தம்பி. இந்த வாரந்தான் நிம்மதியா சோறு தின்னேன்."

துரையின் கதவு

ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். ஆபீஸ் கதவு அடித்துக்கொள்வது துரைக்குத் தலைவலி என்று எண்ணெய்க் குழல் வைத்தேன். வேலை முடியும் நேரம், மரத்தில் பால் வெட்டும் பெண் ஒருத்தி வந்தாள். மகளுக்கு விடாத காய்ச்சல், கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போகத் தோட்டத்து லோரி வேண்டும் என்றாள். துரை "போ, போ" என்று தமிழிலேயே விரட்டிக் கதவைத் தள்ளினார்.

முன்பென்றால் அவள் முகத்திலேயே அறைந்திருக்கும். இப்போது கதவு ஆமையாக நகர்ந்தது. அது சாத்துவதற்குள், குரலை உயர்த்தாமல் அவள் சொல்லி முடித்தாள்: பிள்ளை கண் திறக்கவில்லை, லோரி இல்லை என்கிறார்கள், அதே லோரியில்தான் நேற்று துரை வீட்டு நாய் வைத்தியத்துக்குப் போனது. உள்ளே விருந்தாளியாக வந்திருந்த பக்கத்துத் தோட்டத்துத் துரைமாருக்கும் தமிழ் தெரியும். அவர்கள் நம் துரையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

லோரி கிளம்பியது. பிள்ளை பிழைத்துக்கொண்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். குழலை அன்றே கழற்றச் சொல்லிவிட்டார் துரை. அன்று அவள் லோரியில் ஏறும்போது, எப்படியம்மா இவ்வளவு தைரியம் என்று கேட்டேன்.

"கதவு இன்னும் சாத்தலையே தம்பி, அதான் பேசினேன்."

எங்கள் கடை ஆணிப்பெட்டி

கடையில் ஆணி போட்டுவைக்கும் பெட்டிக்குக் கனத்த பலகை மூடி. அது விழுந்து, என்னோடு வேலை பார்த்த மாணிக்கத்துக்கு நகமே போயிற்று. ஒரு குழல் வைக்கலாமே என்றதற்கு, அதெல்லாம் விற்கிற சாமான் என்றார் முதலாளி. கொஞ்ச நாளில் அவர் விரலே மாட்டிக்கொண்டது. கட்டுப் போட்ட கையோடு வந்து, இருப்பதிலேயே உசத்தியான குழலை எடுத்துப் பொருத்தச் சொன்னார். மாணிக்கம் என் காதோரம் குனிந்தான்.

"முதலாளி விரலுக்குத்தான் வலிக்கும்போல, அண்ணே."

கதவுக்கும் மூடிக்கும் நிதானத்தைப் பொருத்திக் கொடுத்தோம். மனிதருக்குப் பொருத்தத்தான் சீமையிலிருந்து ஒன்றும் வந்திறங்கவில்லை.