நான் கடைந்த பித்தளை மூடி

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஐந்தாவது படித்தவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் மூன்று லேத்தோடு பட்டறை போட்டு, எட்டுப் பேருக்கு வேலை கொடுத்து, சொந்தமாகக் காரும் வாங்கினான் என்றால் சும்மாவா? எண்பதுகளின் கடைசியில் எங்கள் தெருவில் கார் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் டாக்டர், இன்னொருவன் நான். டாக்டர் கார் கொதிக்காது, என் கார் கொதிக்கும். மற்றபடி நாங்கள் இருவரும் ஒன்றுதான்.

மூன்று கை மாறி என்னிடம் வந்த கறுப்புக் கார் அது. காலையில் பட்டறைக்கு, மதியம் ஆவடிப் பக்கம் சரக்குக் கொடுக்க, சாயங்காலம் வீட்டுக்கு என்று தினமும் ஓடும். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறதோ இல்லையோ, இரண்டு பிளாஸ்டிக் குடங்களில் தண்ணீர் இருக்கும். அம்பத்தூரிலிருந்து ஆவடி வரைக்கும் எந்த அடிபம்பை எத்தனை தடவை அடித்தால் தண்ணீர் வரும் என்பது எனக்கு மனப்பாடம். வாய்ப்பாடு கூட எனக்கு அப்படி மனப்பாடம் ஆனதில்லை.

இந்தக் காரில் என் மனைவி ஏறமாட்டாள். ஒரு வருடமாக ஏறவில்லை. முந்தின வருட ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில், நசரத்பேட்டையில் ஒரு டீக்கடை வாசலில் வண்டி கொதித்து நின்றது. நான் கோணித் துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். துருத் தண்ணீர் பீய்ச்சி அடித்து, பக்கத்தில் நின்றவளின் புதுப் பட்டுப் புடவையில் முந்தானை முதல் கொசுவம் வரை பட்டது. அவள் முந்தானையைப் பிழிந்தாள். எதிரே வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறி, வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து எங்கே போனாலும் அவளுக்கு பஸ்தான்.

ஸ்டாப்பில் அவள் நிற்பாள், நான் காரில் கடந்து போவேன். ஹாரன் அடித்தால் வேறு பக்கம் பார்ப்பாள். அவளோடு நிற்கும் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். கார் வாங்கி நான் சம்பாதித்த மரியாதை இதுதான்.

இந்த நிலைமையில் என் தங்கை மகளுக்குக் காஞ்சிபுரத்தில் கல்யாணம் வந்தது. நான் தாய்மாமன். தாய்மாமன் சீர்த் தட்டைப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைய வேண்டும். நான் காரிலும் அவள் பஸ்ஸிலும் தனித்தனியாக வந்து இறங்கினால் சொந்தக்காரர்கள் மென்று தின்றுவிடுவார்கள். இரண்டு நாள் கெஞ்சியதில் அவள் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள்.

“வரேன். வழியில ஒரே ஒரு தபா நின்னுச்சின்னா, சீரோட எறங்கி பஸ்ஸு புடிச்சிக்கினு போய்ட்டே இருப்பேன். அப்புறம் சாவற வரைக்கும் என்னை அதுல கூப்பிடக் கூடாது.”

ஒப்புக்கொண்டு, மறுநாளே பூந்தமல்லிக்குப் போனேன். அங்கே ரேடியேட்டர் பற்ற வைக்கும் பாய் ஒருவர் உண்டு. வாயில் வெற்றிலையும் கையில் பற்றவைப்பு இரும்புமாகவே நான் அவரைப் பார்த்திருக்கிறேன். ரேடியேட்டரைக் கழற்றித் தண்ணீர் விட்டுப் பார்த்தார். உள்ளே இருக்கும் குழாய்களில் பாதி எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரின் உப்பால் அடைத்துப் போயிருந்தது. கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்தாலே போதும் என்றார்.

எனக்குப் போதாது. நான் எதையும் பெரிதாகச் செய்து பழகியவன். மூன்று வரிசைக் குழாய் இருந்த இடத்தில் நான்கு வரிசை வைத்து, புதுச் செம்பில் கட்டித் தரச் சொன்னேன். பாய் சிரித்துக்கொண்டே செய்தார். நல்ல வேலை, குறையே சொல்ல முடியாது. தொட்டித் தண்ணீரில் முக்கி, காற்று அடித்துக் காட்டினார். ஒரு குமிழ் வரவில்லை. கிளம்பும்போது, பழைய மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, கடையில் புதுசு ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள் என்றார்.

இங்கேதான் நான் என் படிப்பைக் காட்டினேன். மூன்று லேத் வைத்திருப்பவன் கடையில் போய் மூடி வாங்குவதா? பழைய மூடியைப் பட்டறை மேஜையில் வைத்து ஆராய்ச்சி செய்தேன். அடியில் ஒரு ஸ்பிரிங், அதன் முனையில் ஒரு வாஷர். சூடேறினால் அந்த ஸ்பிரிங் அமுங்கி வழி விடுகிறது, பக்கத்துச் சின்னக் குழாய் வழியாகத் தண்ணீர் கொஞ்சம் ஒழுகுகிறது. ஆகா, கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். இத்தனை வருடமாக உலகமே ஒழுகுகிற மூடியைப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை.

இரண்டரை அங்குலப் பித்தளைக் கட்டை ஒன்றை எடுத்து லேத்தில் நானே கடைந்தேன். ஸ்பிரிங் கிடையாது. அடியில் கெட்டியான ரப்பர் வாஷர். மேலே பிடிப்பதற்குச் சொரசொரப்பாக வரி போட்டு, பாலீஷ் ஏற்றி, நடுவில் என் பெயரின் முதல் எழுத்தையும் பொறித்தேன். மாட்டி இறுக்கினால் காற்றுக்கூட வெளியே வராது. எட்டுப் பேரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருவன் மட்டும், வண்டி ஓடி வந்து நிற்கும்போது எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்கு வரும் மேல் ரப்பர் ஹோஸ் தவளைத் தொண்டை மாதிரி உப்புகிறதே என்றான். புது ரேடியேட்டரின் பலம் அது என்று விளக்கினேன். அவன் எட்டாவது படித்தவன், அவனுக்கு என்ன தெரியும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் கிளம்பினோம். ரேடியேட்டரில் கழுத்து வரை தண்ணீர் ரொப்பி, மூடியை ஸ்பேனர் வைத்து இறுக்கினேன். அவள் பின் சீட்டில் ஏறி, புடவையும் பழமும் பூவும் வைத்த சீர்த் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸுக்குப் போகும்போது எடுத்துப் போகிற பர்ஸ் இடுப்பில் இருந்தது. அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி வண்டியை எடுத்தேன்.

போகிற வழியில் பூந்தமல்லியில் நிறுத்தினேன். தேவை எதுவும் இல்லை, பாயிடம் மூடியைக் காட்ட வேண்டும். பானெட்டைத் தூக்கியதும் அவர் குனிந்து பார்த்து, விரலால் தட்டினார்.

“வேலை சூப்பரா கீது அண்ணாத்தே. அடியில ஸ்பிரிங் கீதா?”

“அது எதுக்கு பாய்? அது வழியாத்தானே ஒழுகுது.”

“ஒழுகட்டும்னுதான் வச்சிகிறான். சூடானா தண்ணி பெருசாவும். போறதுக்கு நாம வழி உடலன்னா அதுவா வழி பண்ணிக்கும்.”

ஆணியில் தொங்கிய ஒரு சாதா மூடியை எடுத்து நீட்டினார். கொஞ்ச நேரம் ஆறவிட்டு மாற்றிக்கொண்டு போங்கள் என்றார். தகரத்தில் அடித்த அந்த மூடி என் பித்தளைக்கு முன்னால் பரதேசி மாதிரி இருந்தது. பானெட்டைச் சாத்திவிட்டேன். எதிர்க்கடையில் நான் டீ குடித்து வருவதற்குள் பாய் கார் ஜன்னலில் குனிந்து என் மனைவியிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நலம் விசாரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நசரத்பேட்டை நெருங்கும்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சூடு காட்டும் முள் நடுவில் அசையாமல் நின்றது. அதைப் பார்க்கச் சொன்னேன். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றாள். முள் பொய் சொல்லவில்லை, வண்டி கொதிக்கவே இல்லை. அப்போது முன்னால் டப்பென்று ஒரு சத்தம். கண்ணாடி முழுவதும் வெள்ளை ஆவி, அதற்கப்புறம் வெந்நீர் மழை. ஓரம் கட்டி நிறுத்தினேன். மேல் ஹோஸ், அதை இறுக்கிப் பிடித்திருந்த கிளாம்பை உருவிக்கொண்டு தெறித்துக் கிடந்தது. பித்தளை மூடி மட்டும் ஒரு சொட்டுக்கூட விடாமல் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

நின்ற இடம் போன வருடம் நின்ற அதே டீக்கடை வாசல். கடைக்காரர் கேட்காமலே வாளியோடு வந்தார்.

“வா அண்ணாத்தே. போன வருசமும் இதே எடந்தான், இல்ல?”

பின் கதவு திறந்தது. அவள் சீர்த் தட்டோடு இறங்கி, ரோட்டோரம் போய் நின்றாள். காஞ்சிபுரம் பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. கையைக் காட்டினாள். பஸ் நின்றது.

நான் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றேன். என் ஆயுசில் நான் யாரிடமும் என் தப்பு என்று சொன்னதில்லை. சரக்குத் திரும்பி வந்தால் இரும்பு சரியில்லை என்பேன். அளவு பிசகினால் வரைபடம் சரியில்லை என்பேன். அன்றைக்கும் கிளாம்பு சரியில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பஸ்ஸின் படியில் அவள் கால் இருந்தது.

“மூடிதான் தப்பு,” என்றேன். “நான் பண்ணதுதான். பாய் சொன்னாரு, நான் கேக்கல.”

அவள் திரும்பிப் பார்த்தாள். கண்டக்டருக்கு அவசரம்.

“யம்மா, ஏறுறியா இல்லியா?”

“நீ போ நைனா. இந்த மனுசன் இப்பத்தான் வாயத் தொறந்துகிறாரு.”

பஸ் போனது. தட்டை டீக்கடை பெஞ்சில் வைத்துவிட்டு, பர்ஸைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். உள்ளே பாயின் தகர மூடி.

“அண்ணாத்தே தப்ப ஒத்துக்கினா குடுங்க, இல்லன்னா குடுக்காதீங்கன்னு சொன்னாரு பாய். நீ ஒத்துக்க மாட்டேன்னுதான் நெனச்சிக்கினு வந்தேன்.”

அரை மணி நேரம் ஆறவிட்டோம். ஹோஸைத் துடைத்துச் சொருகிக் கிளாம்பை முடுக்கினேன். கடைக்காரர் வாளியில் தண்ணீர் மொண்டு கொடுக்க, கழுத்துக்கு ஒரு விரற்கடை கீழேயே நிறுத்தச் சொன்னவள் அவள்தான். பாய் அதையும் சொல்லி அனுப்பியிருக்கிறார். தகர மூடி போட்டோம். பித்தளை மூடியை நான் டிக்கியில் போடப் போனேன், வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். பிறகு சீர்த் தட்டைப் பின் சீட்டில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

காஞ்சிபுரம் வரை சின்னக் குழாய் வழியாகத் தண்ணீர் கொஞ்சம் சொட்டியது. வண்டி நிற்கவில்லை. சீர்த் தட்டின் ஒரு பக்கத்தை அவளும் மறுபக்கத்தை நானும் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தோம். தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள். எல்லாம் நல்லபடியாக நடந்தது.

பந்தியில் மட்டும் ஒன்று நடந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், கார் எப்படி ஓடுகிறது என்று என்னைக் கேட்டார். ரேடியேட்டரை நானே யோசனை பண்ணி நான்கு வரிசையாக மாற்றியதைப் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்தில் பக்கத்து இலையில் என் மனைவியின் பர்ஸ் திறக்கும் சத்தம் கேட்டது. பித்தளை மூடி என் தண்ணீர் டம்ளர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. பெரியவர் அதைக் கையில் எடுத்து, கனமாக இருக்கிறதே, நல்ல வேலைப்பாடு, இது என்ன என்றார்.

“அவரே சொல்லுவாரு,” என்றாள்.

சொன்னேன். ஸ்பிரிங் இல்லாததிலிருந்து சொன்னேன். பந்தியே சிரித்தது, பெரியவருக்குப் புரையேறியது.

திரும்பும்போதும் அவள் முன் சீட்டில்தான் வந்தாள். அந்தக் காரை விற்கும் வரை அது அவள் இடம்.