எந்தத் தோட்டத்து மரம்?

காரமடையிலிருந்து காகிதக்கூழ் ஆலைக்கு நான் லாரியில் தைலமரம் ஏற்றிப் போவேன். ஆலை வாசலில் லோடு பார்க்கும் அம்மா ஒருவர் இருந்தார். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, காதோரம் சாக்பீஸ். ஒவ்வொரு மரத்தையும் வெட்டிய இடத்தில் தடவிப் பார்த்துத்தான் கோடு போடுவார்.

முதல் நாள், "எந்தத் தோட்டத்து மரமுங்க?" என்றார்.

"காரமடைப் பக்கமுங்க."

"பக்கம்னு ஒரு தோட்டம் இருக்குதுங்களா?"

மற்ற டிரைவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தடவிக்கொண்டே வந்தவர் ஒரு துண்டில் நின்றுவிட்டார். அது வேம்பு. ரோட்டோர மரத்தை வெட்டி, லோடு ஏற்றிய ஆட்கள் இடையில் செருகியிருக்கிறார்கள், எனக்குத் தெரியாது.

"அதை மட்டும் உருவிப்போட்டு உடுங்க அம்மணி."

"அது எங்கிருந்து வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியல. மத்ததுக்கு நான் எப்படீங்க கையெழுத்துப் போடறது? கூழு வாங்கறவங்க மரத்தைப் பாக்கறதில்லீங்ணா. என்ற கையெழுத்தைத்தான் பாக்கறாங்க."

முழு லோடும் திரும்பியது. வழியெல்லாம் அவரைத் திட்டினேன்.

அடுத்த முறை நானே தோட்டத்துக்குள் போனேன். மறுபடி தழைவதற்காக அடிக்கட்டைகளைத் தோண்டாமல் விட்டிருந்தார்கள். மரம் அங்கே வெட்டியதுதான் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகே ஏற்றினேன். ஆலை வாசலில் தோட்டக்காரர் பேர் முதற்கொண்டு சொன்னேன். அந்த அம்மா எல்லாம் கேட்டுவிட்டு, மரத்தைத் தடவிப் பார்க்க வண்டிக்குப் பின்னால் போனார்.

"இன்னும் நம்புலீங்களா?"

"நம்புலீன்னா வாசல்லயே திருப்பியிருப்பனுங்ணா. நம்பித்தானுங்க பாக்கறேன்."

நம்பினால் எதற்குப் பார்க்க வேண்டும்? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் ஏற்றுவதற்கு முன் நானும் இப்போது தடவிப் பார்க்கிறேன்.