அம்மன் புடவையும் குளியலறை பம்பும்

மாடி வைத்த வீடு ஒன்று கட்டினேன். அஸ்திவாரம் தோண்டும்போதே இது ஏரி மண், நிற்காது என்றார் பக்கத்து மனைக்காரர். நிற்கிறது. வாலாஜாபாத் ரோட்டில் பம்பு ரிப்பேர் கடை கட்டினேன். தகரக் கொட்டகையாக ஆரம்பித்தது, இன்று கான்கிரீட் கூரையோடு இருக்கிறது. எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு நாற்று நட்ட வயல்களில் போர்வெல் மோட்டார் இறக்கியவன் நான். தண்ணீர் ஏறாது என்று இரண்டு பேர் கைவிட்டுப்போன கல்யாண மண்டபத்துக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தேன். பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். எல்லாம் ஐந்தாம் வகுப்பு மூளையில் வந்தவை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று மற்றவர்கள் சொல்லிக்கொள்வார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

இந்த வரிசையில் கடைசியாகச் சேர்ந்தது ஒரு சின்ன பம்பு. காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளி வீட்டுக் குளியலறையில் இருக்கிறது. பப்பாளிப்பழ அளவுதான். ஆனால் அது இல்லாவிட்டால் சென்ற ஆடி மாதம் அம்மனுக்குப் புடவை இல்லை.

அந்த வீடு பள்ளத்தில் இருக்கிறது. பள்ளத்தில் கட்டிய வீடு அல்ல; ரோடு ஏறிவிட்டது. ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுவிட்டுப் போவார்கள். ஒரு காலத்தில் படி ஏறி நுழைந்த வீட்டுக்குள் இப்போது படி இறங்கி நுழைய வேண்டும். குளியலறைத் தரை தெருச் சாக்கடையைவிடத் தாழ்ந்துபோனது. குளித்த தண்ணீர் போக வழியில்லை. அதனால் சில வருடங்களுக்கு முன்பு நான்தான் குளியலறை மூலையில் ஒரு சின்னத் தொட்டி கட்டி, அதற்குள் முழுகிக் கிடந்தே ஓடுகிற பம்பு ஒன்றை வைத்துக் கொடுத்தேன். தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், பம்பு தானாக ஓடி மேலே சாக்கடைக்குத் தள்ளும்.

அந்த நெசவாளி என்னைவிடச் சின்னவர், ஐம்பது தாண்டியவர். அவருடைய மனைவிதான் போன் செய்தார்.

"அண்ணா, தண்ணி போவல. தறிக்குழிக்குள்ள ஊறிக்கினு வருது. கையோட வாண்ணா."

அவர்கள் வீட்டில் குழித்தறி. துணி தரை மட்டத்தில் இருக்கும். நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிப்பார். குளியலறைக்கும் தறிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். தொட்டி நிரம்பினால் சுவருக்கு அடியில் கசிந்து தண்ணீர் குழிக்குள் இறங்கிவிடும்.

மற்ற நாளாக இருந்தால் பழைய சாக்கைப் போட்டுத் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அன்று தறியில் இருந்தது ஆடி மாதம் அம்மனுக்குச் சாத்துகிற அரக்குப் புடவை. அதை நெய்ய ஒரு முறை உண்டு. விரதம் இருக்க வேண்டும். தறியை விட்டு எழுந்தால், தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் மறுபடி உட்கார வேண்டும்.

நான் போனபோது அவர் ஈர வேட்டியோடு தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். குழிக்குள் சோப்பு நுரையோடு தண்ணீர் மினுங்கியது.

"இன்னாபா, குழியில கால விடலியா?" என்றேன்.

"எப்டிணா வுட்றது? குளிச்ச அழுக்குத் தண்ணி. கால்ல பட்டா மறுபடி குளிக்கணும். குளிச்சா அந்தத் தண்ணியும் இங்கதான் வருது."

"பக்கத்து வூட்ல போயி குளி."

"அடுத்த வூட்டு வாசலத் தாண்டி வந்தா அதுக்கு ஒருவாட்டி குளிக்கணும்."

அவர் மனைவி பக்கெட்டில் மொண்டு மொண்டு வாசலில் ஊற்றிக்கொண்டிருந்தார். "சாமிக்கு மட்டும் நெய்யுறாரு. சாமி தண்ணி மொள்ள வரல," என்றார். அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. புடவை சாத்தும் நாள் நெருங்கிவிட்டது. தறியில் முந்தானை மட்டும்தான் பாக்கி. இந்த வருடம் புடவை தவறினால் அம்மனுக்கு நெய்கிற உரிமை வேறு வீட்டுக்குப் போய்விடும், திரும்ப வராது. அவர் தாத்தா காலத்திலிருந்து அந்த வீட்டில் இருக்கிற உரிமை.

நான் அவசரப்படுகிற ஆள் இல்லை. முதலில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், கரண்ட் வந்துகொண்டிருந்தது. மிதவையைக் கையால் தூக்கினேன். பம்பு உறுமியது, தண்ணீர் அசையவில்லை. ஆக மோட்டாருக்கு உயிர் இருக்கிறது, வாய்தான் அடைத்திருக்கிறது. ஸ்விட்சை அணைத்துவிட்டு பம்பைத் தூக்கினேன்.

பம்பின் வாயைச் சுற்றி ஒரு துணி கட்டியிருந்தது. சாதாரணத் துணி அல்ல, பட்டு. அடர்த்தியாக, ஒரு இழை பிசகாமல் நெய்த பட்டு. அதன் மேல் வெள்ளையாக ஏதோ படிந்து அப்பளம் மாதிரி விறைத்திருந்தது.

"இது யாரு கட்னது?"

"நான்தாண்ணா. போன தடவை நீதான சொன்ன, நூலு உள்ள போயி சுத்திக்குதுன்னு. அதான் வடிகட்டி வச்சேன்."

நூல் போகாமல் இருக்க வேண்டுமென்றால் வேறு யாராக இருந்தாலும் ஒரு கொசுவலையைக் கட்டியிருப்பார்கள். இவர் தன் கையால் நெய்த துண்டைக் கட்டியிருக்கிறார், அதுவும் காற்றுகூட நுழையாத நெசவு. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுவிட்டுக் கையையும் பிரஷையும் அந்தக் குளியலறையில்தான் கழுவுவார்கள். கஞ்சி பட்டில் ஏறி, காய்ந்து, ஏறி, ஓட்டையெல்லாம் மூடிவிட்டது. பம்பு தண்ணீருக்குள்ளேயே இருந்தும் தாகத்தில் செத்துக்கொண்டிருந்தது.

"பம்புக்குப் பட்டுச் சட்டை போட்ட ஒரே ஆளு நீதான்பா. உன் நெசவு நல்லா இருக்குது, அதான் பிரச்சனை," என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. அந்தத் துண்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, "எழை ஒண்ணுகூட வெலகல பாரு," என்றார்.

துணியைக் கழற்றி, உள்ளே சுற்றியிருந்த முடியையும் எடுத்துவிட்டு ஓட்டினேன். கொஞ்சம் ஓடியது. பிறகு மோட்டாருக்குள் கம்பி சுற்றிய காயில் கருகுகிற வாசனை வந்தது, பியூஸ் போனது. இத்தனை நாள் வெறுமனே சுற்றிச் சூடேறியிருக்கிறது. கடைக்கு எடுத்துப்போய்க் காயில் கட்டலாம். கட்டினாலும் அதே சாதி பம்பு. இந்த வீட்டு நூலும் கஞ்சியும் அதை மறுபடி கொல்லும்.

அங்கேயே ஈரத்தரையில் உட்கார்ந்து யோசித்தேன். வாலிபத்தில் நான் சென்னைத் துறைமுகத்தில் கூலி வேலை பார்த்தவன். ஒரு பணக்காரருடைய பாய்மரப் படகுக்கு பேட்டரி தூக்கிப் போனேன். படகுக்குள் குளிக்க ஒரு சின்ன அறை இருந்தது. அதன் தரை கடல் மட்டத்துக்குக் கீழே. குளித்த தண்ணீர் எப்படி வெளியே போகும் என்று அப்போதே குனிந்து பார்த்தேன், யாரும் காட்டித் தரவில்லை. சுவரில் ஒரு சின்ன பம்பு. உள்ளே ரப்பர் சவ்வு, மூச்சு விடுகிற மாதிரி இழுத்துத் தள்ளும். தண்ணீர் இல்லாமல் ஓடினாலும் சட்டென்று கருகாது. தண்ணீருக்குள் கிடக்கவும் வேண்டாம்.

இந்த வீடும் படகுதானே என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது எனக்கு மட்டும்தான், இதை யாரும் மறந்துவிடக் கூடாது.

ரயில் பிடித்துச் சென்னை பாரிமுனைக்குப் போனேன். படகுச் சாமான் விற்கிற கடையில் இருந்தவர் பம்பை எடுத்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"எந்தப் படகுக்குப் பெரியவரே? காசிமேடா, கோவளமா?"

"காஞ்சிபுரம்."

"காஞ்சிபுரத்துல ஏதுபா கடலு?"

"கடல் இல்ல. ரோடு இருக்குது. அது வருசா வருசம் ஏறிக்கினே இருக்குது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு பில் போட்டார்.

பம்பைக் குளியலறைச் சுவரில், ஈரம் படாத உயரத்தில் மாட்டினேன். அது பேட்டரியில் ஓடுவது. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்தே வயர் இழுத்தேன். தொட்டிக்குள் குழாயை இறக்கி, அதன் முனையில் கொஞ்சம் பெரிய கண்ணுள்ள எவர்சில்வர் வலையைப் போட்டேன். கையால் கழற்றிக் கழுவலாம். ஸ்விட்ச் போட்டால் டொக் டொக் என்று சத்தம் மட்டும் வந்தது, தண்ணீர் வரவில்லை.

"படகு ஓடலியாண்ணா?" என்றார் அவர் மனைவி, கையில் பக்கெட்டோடு.

"இரும்மா. மூச்சு வாங்குது."

எங்கோ காற்று இழுக்கிறது. ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தேன். ஒரு இடத்தில் நுரையை உள்ளே உறிஞ்சியது. அந்தக் கிளிப்பை இறுக்கினேன். சத்தம் கனத்தது. வாசலில் சாக்கடைக்குள் தண்ணீர் விழுகிற ஓசை கேட்டதும் அந்த அம்மா பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

குழியைத் துடைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அவர் தலைக்குக் குளித்தார். குளித்த தண்ணீர் தெருவுக்குப் போனது. தறிக்கு வந்து ஒரு காலை மட்டும் மெதுவாக இறக்கினார். உலர்ந்திருந்தது. இரண்டாவது காலையும் விட்டார். பிறகு தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. நான் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முந்தானை முடிந்தது. சொன்ன நாளில் புடவை தாம்பாளத்தில் கோயிலுக்குப் போனது. நானும் சட்டை மாற்றிக்கொண்டு போய்க் கூட்டத்தில் நின்றேன். புடவை சாத்துவதற்கு முன்னால் மைக்கில் பேர் வாசிப்பார்கள். பட்டு கொடுத்தவர் பேர், ஜரிகை கொடுத்தவர் பேர், சாயம் போட்டவர் பேர், நெய்தவர் பேர் வந்தது. அதோடு மேளம் ஆரம்பித்துவிட்டது.

வெளியே வந்ததும் அவரைப் பிடித்தேன்.

"என் பேரு எங்கபா?"

"அண்ணா, அது நெசவுக்கு சம்பந்தப்பட்டவங்க மட்டும்ணா. அதான் வழக்கம்."

"குழியில தண்ணி நின்னுருந்தா நெய்ஞ்சிருப்பியா?"

"எப்டிணா நெய்யுறது."

"அப்ப நான் சம்பந்தப்பட்டவன்தான?"

அவர் சங்கடமாகச் சிரித்தார். "சாமி முன்னால மைக்குல, பாத்ரூம் தண்ணி எறச்சவருன்னு எப்டி சொல்லச் சொல்றது?"

"பாத்ரூம்னு சொல்ல வேணாம். தறிக்குழிய காய வச்சவருன்னு சொல்லு."

அவர் மனைவி குறுக்கே வந்தார். "அண்ணா கேக்குறதுல தப்பு இன்னா இருக்குது? நான் மொண்டதுக்கு என் பேரையும் சேத்து சொன்னாக்கூட தப்பில்ல."

விழாக் கமிட்டியில் சொல்லிப் பார்ப்பதாக அவர் சொன்னார். பார்ப்பதெல்லாம் எனக்குப் போதாது. எங்கள் ஆட்கள் செய்த வேலை அந்தக் கோயிலின் தெருவுக்கும் குளத்துக்கும் எத்தனையோ போயிருக்கிறது, ஒருவர் பேரும் மைக்கில் வந்ததில்லை. கேட்காததால் வரவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். நான் கேட்கிறேன். வரும் ஆடியில் அந்த வீட்டிலிருந்து புடவை வரும்போது, சாயம் போட்டவருக்குப் பின்னால், நெய்தவருக்கு முன்னால், தறிக்குழியைக் காய வைத்தவர் என்று என் பேரை வாசிக்க வேண்டும். இனிஷியலோடு, முழுப் பேராக வாசிக்க வேண்டும். மேளக்காரர் அதுவரை பொறுத்திருக்கட்டும்.