ஜெபராணி ஆஸ்பத்திரிக்குப் போனது எதற்கு

நம் சபைப் பத்திரிகையை வாசிக்கிற எல்லாருக்கும் பாக்கியம் என்கிற நான் எழுதுவது. நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள். எழுத்தும் கோணும், சொல்லும் கோணும். மறதி வேறு வந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று மறக்கவில்லை. என் மகள் ஜெபராணிக்குப் புற்றுநோய் வந்து ஜெபத்தால் சுகமானாள் என்று நம் ஊரில் இன்றைக்கும் சாட்சி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவளுக்குப் புற்றுநோய் வரவே இல்லை. ஆண்டவர் செய்த உதவி வேறு.

அது எண்பதுகளின் கடைசி. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் துணி சுருட்டுகிற வேலை எனக்கு. வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். ஜெபராணி மதுரையில் ஒரு கல்லூரியில், ஹாஸ்டலில் தங்கி இயற்பியல் எம்.எஸ்ஸி. முடிக்கிற நேரம். அந்தக் கல்லூரியும் மெட்ராஸில் ஒரு பல்கலைக்கழகமும் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். புற்றுநோய்க்குக் கதிர் வைக்கிற மெஷின் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு கதிர், எந்தப் பக்கத்திலிருந்து, பக்கத்துச் சதை வேகாமல் எப்படி என்று கணக்குப் போட இயற்பியல் படித்த ஆள் வேண்டும். அந்த வேலைக்கு அதுவரை வந்தவர்கள் எல்லாம் பெரிய ஊர்ப் பிள்ளைகள், தாத்தா காலத்திலிருந்து படித்த வீட்டுப் பிள்ளைகள். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் வர வேண்டும் என்றுதான் அந்த ஏற்பாடே. பல்கலைக்கழகத்தில் படிப்பு, ஆஸ்பத்திரியில் பயிற்சி, பிறகு வேலை. ஜெபராணியின் பெயரைப் பேராசிரியர் கொடுத்திருந்தார். மெட்ராஸிலிருந்து ஆள் வந்து கேள்வி கேட்டு எடுப்பார்கள்.

நான் என்ன செய்தேன், வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபத்தில் ரூத்து அக்காவிடம் சொன்னேன். கூட்டத்தில் எழுந்து சொல்ல எனக்குக் கூச்சம். விண்ணப்பங்களை வாங்கிச் சத்தமாக ஜெபிப்பது அந்த அக்காதான். அவர்கள் காதோடு விவரமாகவே சொன்னேன். "அக்கா, ஜெபராணி மெட்ராஸ்ல கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் படிக்கப் போகப்போறா. அந்த மெஷினுக்குக் கணக்குப் பாக்குற படிப்பு. அவள எடுத்துக்கிடணும்னு ஜெபம் பண்ணுங்க."

ரூத்து அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். படிப்புக்கு எதற்கு அழுகை என்று எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. நம் ஊரில் கல்யாணமாகாத பிள்ளைக்குப் பெரிய நோய் வந்தால் யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். வெளியூரில் படிக்கிறாள், சித்தி வீட்டில் இருக்கிறாள் என்பார்கள். நான் சொன்ன உண்மையை ரூத்து அக்கா அந்த மாதிரி மறைப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். நோயை மறைக்கத் தெரியாமல் ஆஸ்பத்திரி பெயரையே உளறிவிட்டேனாம்.

ஞாயிற்றுக்கிழமை சபை மூப்பர் முன்னால் நின்று, "புற்றுநோயின் கட்டுகளில் கிடக்கிற எங்கள் மகள் ஜெபராணி" என்று ஜெபித்தார். வெளியே வந்ததும் அவரிடம் போய், "அய்யா, அவளுக்கு ஒண்ணுமில்ல, படிக்கத்தான் போறா" என்றேன்.

"விசுவாசம்னா இதுதாம்மா. ஒண்ணுமில்லன்னு அறிக்கை பண்ணிக்கிட்டே இரும்" என்றார்.

அந்த ஆளிடம் மேற்கொண்டு என்ன பேச?

லீவுக்கு ஜெபராணி வந்தபோது வீடு கொள்ளாமல் பெண்கள் வந்தார்கள். ஹார்லிக்ஸ், ஆரஞ்சு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. கொண்டுவந்த பால்கோவாவை முக்கால்வாசி அவர்களே தின்றார்கள். ரூத்து அக்கா அவளுடைய சடையை மெல்ல இழுத்துப் பார்த்தார்கள்.

"இன்னும் கொட்டலையேட்டி?"

"நீங்க இழுக்குற இழுப்புல கொட்டிரும் பெரியம்மா" என்றாள் ஜெபராணி.

"எம்புட்டு தைரியம் பாரு பிள்ளைக்கி" என்று அதற்கும் ஒரு அழுகை. அவர்கள் போனபிறகு நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு அந்த வாரத்தோடு போயிற்று.

மூப்பர் ஜெபராணியின் கல்லூரிக் கமிட்டியில் இருந்தவர். இரக்கப்பட்டாராம். நேராகப் பேராசிரியரிடம் போய், "அந்தப் பிள்ளைய அலைய விடாதீங்க, உடம்புக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டார். பேராசிரியர் விசாரிக்கவில்லை. லிஸ்ட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டார். கதிர் இருக்கிற இடத்துக்கு நோயுள்ளவர்களை அனுப்ப மாட்டார்களாம். ஜெபராணி அழுது முகம் வீங்கி வந்தாள்.

"அம்மா, ஒங்க ஜெபக் கூட்டத்த நிப்பாட்டச் சொல்லும்மா. நாளைக்கு மெட்ராஸ்லருந்து வாராங்க. நான் லிஸ்ட்டுலயே இல்ல."

என் ஆயுசில் அப்படி ஓர் இருட்டு வந்ததில்லை. நோய் வந்திருந்தால் ஊரே கூட நிற்கும். படிக்கப் போகிறவளுக்கு யார் நிற்கிறார்கள்? எனக்கோ நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. காலையில் அவளையும் கூட்டிக்கொண்டு மதுரை பஸ் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டுகிற மட்டும் எனக்கு ஜெபம் வரவில்லை, கோபம்தான் வந்தது. பிறகு ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து, "ஆண்டவரே, அவிய கேட்ட சுகம் எனக்கு வேண்டாம். பிள்ளை சுகமாத்தான் இருக்கா. எனக்கு வாயக் குடும். இன்னைக்கி ஒரு நாளைக்கிக் குடும்" என்று கேட்டேன். அவ்வளவுதான் என் ஜெபம்.

கல்லூரியில் பேராசிரியர் அறைக்குள் மெட்ராஸ் ஆஸ்பத்திரி அம்மா உட்கார்ந்திருந்தார்கள். அந்த மெஷின் கணக்கு வேலையில் மூத்தவர்கள் அவர்கள்தானாம். பியூன் தடுத்தான். நான் நுழைந்துவிட்டேன்.

"அய்யா, எம் பிள்ளைக்கி நோயில்ல" என்றேன்.

பேராசிரியர், "நீங்க வெளியில இருங்கம்மா, உங்க சபைப் பெரியவரே சொல்லிட்டாரு" என்றார்.

"அவுக டாக்டரா அய்யா? எங்க ஆளுக அந்த ஆஸ்பத்திரிக்குப் போனா படுக்கத்தான் போவாகன்னு நெனைக்காக. வேலைக்கிப் போவாகன்னு ஒருத்தர் மண்டைக்கும் எட்டல. ஒங்களுக்குமா எட்டல?"

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். நாக்கு தடுக்கவில்லை.

மெட்ராஸ் அம்மா பேராசிரியரைப் பார்த்து, "நோய்ன்னு எந்த டெஸ்ட்ல வந்துச்சு சார்?" என்று கேட்டார்கள்.

"சர்ச்சுல ஜெபம் பண்ணியிருக்காங்க மேடம்..."

"ஓ, அதுதான் ரிப்போர்ட்டா?" என்றார்கள். "சேருறப்ப எல்லாருக்கும் ரத்தம் பாப்போம். இந்தப் பொண்ணுக்கும் பாப்போம். இப்ப உள்ள கூப்பிடுங்க, நான் கேள்வி கேக்கணும்."

ஜெபராணி உள்ளே போனாள். நான் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். அது நன்றி அழுகை. வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மெட்ராஸில் ரத்தமும் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை.

தொண்ணூறுகள் பிறந்தபிறகு ஒரு கிறிஸ்துமஸுக்கு, வேலையில் சேர்ந்து, நன்றாகச் சதை போட்டு வந்தாள். மூப்பர் அவளை முன்னால் அழைத்து, "மரணத்திலிருந்து மீண்ட மகள், சாட்சி சொல்லுவாள்" என்றார்.

அவள், "அய்யா, நான் அங்க நோயாளி இல்ல. நோயாளிக்குக் கதிர் வைக்கிற மெஷின சரிபாக்குற ஆளு" என்றாள்.

"பாருங்க! சுகத்தோட வேலையும் குடுத்துட்டாரு!" என்று மூப்பர் கை தட்டினார். சபையும் தட்டியது.

செத்துப் பிழைத்தாள் என்பதை அந்தக் கூட்டம் ஒரு நொடியில் நம்பியது. துணி சுருட்டுகிறவள் மகள் அந்த மெஷின் அறையில் நின்று கணக்குச் சொல்வாள் என்பதை நம்ப அவர்களுக்கு விசுவாசம் போதவில்லை. இதில் முழங்கால் தேய ஜெபம் வேறு.

அந்த நாளுக்குப் பிறகு நான் யாருக்கும் பயந்து வாயை மூடியதில்லை. பஸ்ஸில் கேட்ட வாய் ஒரு நாளோடு போய்விடும் என்று நினைத்தேன். ஆண்டவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஜெபராணி இப்போது நம் பக்கத்துப் பிள்ளைகளை அந்தப் படிப்புக்குக் கேள்வி கேட்டு எடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். சேத்தூர்ப் பிள்ளை ஒருத்தி போயிருக்கிறாள். உங்கள் பிள்ளைகளையும் அனுப்புங்கள். பெரிதாகக் கேளுங்கள், அவர் தருவார். ஆனால் உங்கள் வாயாலேயே கேளுங்கள். பிறர் உங்களுக்காக வேறொன்றைக் கேட்டால் அங்கேயே எழுந்து நின்று திருத்துங்கள்.

படிப்பின் சரியான பெயர், வருஷம், மெஷின் பெயர் எல்லாம் நான் தப்பாக எழுதியிருக்கலாம். அச்சுப் போடுமுன் யாராவது சரிபார்க்க வேண்டும். ஜெபராணியிடம் கேளுங்கள். மூப்பரிடம் கேட்க வேண்டாம்.